பாண்டிச்சேரி மேகமும் சிம்ம ராசிக் கிரகமும்
(மொட்டை மாடிக் கூட்டத்தில் பேசியது)

"கே2-18பி கிரகத்தில் உயிர் இருக்கிறது" என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப வருகிறது. அது எவ்வளவு உண்மை என்று ஐந்து நிமிடத்தில் சொல்லச் சொன்னார் செயலாளர்.

முதலில் நம்ம ஊர்க் கதை. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து லெ ஜான்தி என்ற வானியலாளர் புறப்பட்டார். 1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில். கடப்பு நடந்தபோது அவர் நடுக்கடலில். கப்பல் ஆட்டத்தில் என்னத்தை அளப்பது? அடுத்த கடப்புக்கு எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, பாண்டிச்சேரியில் எல்லாம் தயார். மேகம் மூடிவிட்டது! ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே 1761 கடப்பில், ரஷ்யாவின் லோமனோசோவ் வெள்ளியின் விளிம்பில் ஒளி படர்வதைக் கண்டு, அங்கே காற்று இருக்கிறது என்றார்.

இன்றும் வழி அதுதான். கே2-18பி, 124 ஒளியாண்டு தூரத்தில், 33 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தைக் கடக்கிறது. அப்போது ஒளி ஆயிரத்தில் மூன்று பங்கு குறையும். கிரகத்தின் காற்றுவழியே வரும் துளி ஒளியில் எந்த நிறம் குறைகிறதோ, அதை வைத்து வாயுவைக் கண்டுபிடிக்கிறார்கள். வில்லியனூர் வயல்களில் சாயும் சூரியன் சிவப்பதும் நம் காற்று செய்யும் வேலைதானே.

2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் மீத்தேனும் கரியமில வாயுவும் தெரிந்தன. காசியில் பொறியியல் படித்து, இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதன் குழுவின் வேலை அது. ஹைட்ரஜன் காற்றுக்கு அடியில் கடல் இருக்கலாம் என்பது அவர் கருத்து; கடலே இல்லாத, நெப்டியூன் போன்ற வாயுக் கிரகம் என்பவர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்ஃபைடு தடயம் என்றார்கள். நம் பூமியில் கடல் நுண்ணுயிர்கள் விடும் வாயு அது. கடற்கரை வாசனையில் அதற்கும் பங்குண்டு.

ஆனால் அது தற்செயலாக வர ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று சொல்ல, பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே வேண்டும். மதுசூதன் குழுவே அதைச் சொல்லியிருக்கிறது; ஃபார்வர்டில்தான் அந்த வரி விழுந்துவிட்டது. தவிர, உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் இதே வாயு கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், மீத்தேனை நம்பலாம். கடல் பொறுக்கட்டும்.

அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்கு, மாடி விளக்கை அணைத்துவிட்டு உச்சியைப் பாருங்கள். மகம் தெரியும். அந்தச் சிம்ம ராசிப் பக்கம்தான்.