பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் கணிதம்?



பெப்ரவரி பிறந்தால் ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளிகளில் பாடத் தெரிவு தொடங்கிவிடும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மைபுளூபிரிண்ட் தளத்துக்குள் போய் அடுத்த ஆண்டுக்கான பாடங்களை அடுக்கவேண்டும். ஆங்கிலம் எடுத்தே ஆகவேண்டும், அதில் பேச்சில்லை. உயிரியலா பௌதிகமா என்பதும் பிள்ளையின் விருப்பத்தோடு ஓரளவுக்குத் தானாகவே முடிவாகிவிடும். கணிதத்துக்கு வரும்போதுதான் வீட்டில் சத்தம் கூடும். பல்கலைக்கழகத்தை நோக்கிய, 4யூ எனப்படும் கணிதப் பாடங்கள் மூன்று இருக்கின்றன: அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், டேட்டா மனேஜ்மென்ட். என்ன படிக்கப்போகிறேன் என்று இன்னும் தெரியாத பிள்ளை இவற்றில் எதை எடுப்பது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

ஸ்காபரோவில் மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக்கொடுப்பவன் நான். பாடத் தெரிவுக் காலத்தில் தொலைபேசியில் வரும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். "சேர், இவன் டொக்ரருக்கோ எஞ்சினியருக்கோ எண்டு இன்னும் ஒரு முடிவுக்கும் வரேல்லை. எதுக்கும் மூண்டு மட்ஸையும் எடு எண்டு சொல்லுறன், கேக்கிறானில்லை. நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ." அந்த அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஊரில், அதாவது இலங்கையில், சாதாரண தரம் முடிந்த கையோடு பிரிவைத் தெரியவேண்டும். உயிரியல் பிரிவுக்குப் போனவருக்கு எஞ்சினியர் கதை அன்றோடு முடிந்தது. கணிதப் பிரிவுக்குப் போனவருக்கு மருத்துவபீடம் முடிந்தது. தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனிப் பாடங்களாக இருந்த காலத்தில் படித்த பெற்றோர் பலர் இங்கே இருக்கிறார்கள். பதினாறு வயதில் எடுத்த ஒரு முடிவை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர்கள் அவர்கள். பிள்ளை "இன்னும் தெரியாது" என்று சொன்னால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது நியாயந்தான்.

ஆனால் ஒன்ராறியோவில் பிரிவு என்று ஒன்று கிடையாது. இங்கே இருப்பது முன்பாடச் சங்கிலி. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் முன்னே வரவேண்டும் என்பதே இங்குள்ள சட்டம். அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

டிப்ளோமா பெறுவதற்கு முப்பது கிரெடிட் வேண்டும். அதில் கணிதம் மூன்று, அவற்றில் ஒன்றாவது பதினோராம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்ததாக இருக்கவேண்டும். ஆகவே பதினோராம் வகுப்புக் கணிதத்தோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தைக் கேட்பது பள்ளியல்ல, பல்கலைக்கழகம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெரிய திருப்பம் வருவது பன்னிரண்டாம் வகுப்பில் அல்ல, பதினோராம் வகுப்பிலேயே. அங்கே ஃபங்ஷன்ஸ் என்ற 3யூ பாடத்தை எடுத்த பிள்ளைக்கு மூன்று வாசலும் திறந்திருக்கும். ஃபங்ஷன்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ் என்ற 3எம் பாடத்தை எடுத்தவருக்கு டேட்டா மனேஜ்மென்ட் நேரடியாகக் கிடைக்கும், அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் கிடைக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கல்குலஸுக்குப் போவதென்றால் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸை முன்னதாகவோ, குறைந்தது அதே பருவத்திலோ எடுத்திருக்கவேண்டும். டேட்டா மனேஜ்மென்டுக்கு அது தேவையில்லை. இந்த அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் கையில் இருக்கும் பிள்ளை கல்குலஸை எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். அது இல்லாத பிள்ளை கல்குலஸுக்கு ஆசைப்பட்டால் இரண்டு பாடம் ஓடவேண்டும். முடிவெடுக்காத பிள்ளைக்கு என் ஆலோசனை இதிலிருந்துதான் வருகிறது: முதல் செமஸ்டரில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ். மற்றதை அதன்பிறகு பார்க்கலாம்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது? பல்லுறுப்புச் சார்புகள், மடக்கை, ஆரையனில் அளக்கும் திரிகோணகணிதம். கேட்டால் வறட்சியாகத் தெரியும். ஆனால் வங்கியில் ஐந்து வீத வட்டிக்குப் போட்ட பணம் எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று கேளுங்கள். மடக்கை தெரிந்த பிள்ளை இரண்டே வரியில் பதினான்கு ஆண்டும் சொச்சமும் என்று சொல்லிவிடும். கூட்டு வட்டியும், கிருமி பெருகுவதும், மருந்து உடலில் கரைந்து குறைவதும் இதே கணக்குத்தான். கொமர்ஸ் போகிறவருக்கும் விஞ்ஞானம் போகிறவருக்கும் பொதுவான நிலம் இது.

கல்குலஸ் அண்ட் வெக்டர்ஸில் பாதி வகையீடு, பாதி காவிகள். தொகையீடு அதில் இல்லை. ஊரில் இணைந்த கணிதம் செய்த தகப்பன்மார் மகளுக்குத் தொகையீடு சொல்லிக்கொடுக்க ஆசையோடு உட்கார்ந்து, அது பாடத்திட்டத்திலேயே இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினியரிங் என்றால் இந்தப் பாடத்துக்கு விலக்கே இல்லை. வாட்டர்லூவின் கணித பீடமும் கணினி விஞ்ஞானமும் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸையும் கல்குலஸையும் கேட்கின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொட்மன் கொமர்ஸும் கல்குலஸ் கேட்கிறது. யோர்க்கின் ஷூலிக் பீடமோ அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸோடு கல்குலஸ் அல்லது டேட்டா மனேஜ்மென்ட் என்று தெரிவு கொடுத்துவந்திருக்கிறது. இரண்டுமே வணிகப் படிப்புத்தான், வாசல்தான் வேறு. இந்த நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அயல்வீட்டு அக்காவின் மகன் மூன்று வருடத்துக்கு முன் எடுத்த பாடங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இந்த ஆண்டுக்கான பக்கத்தைப் பாருங்கள்.

இனி டேட்டா மனேஜ்மென்ட். நம்மவர்களிடம் இதற்கு மதிப்புக் குறைவு. "அது லேசான மட்ஸ்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன், மெதுவாகக் கேளுங்கள்.

ஒரு நோய் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை. நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அது சரியாகச் சொல்லும். உங்களுக்கு "இருக்கிறது" என்று முடிவு வந்துவிட்டது. உண்மையாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? தொண்ணூற்றைந்து வீதம் என்றுதான் அனேகமாக எல்லோரும் சொல்வோம். பத்தாயிரம் பேரை எடுங்கள். நோய் உள்ளவர்கள் நூறு பேர், அவர்களில் 95 பேரைச் சோதனை பிடித்துவிடும். நோய் இல்லாதவர்கள் 9,900 பேர். அவர்களில் ஐந்து வீதம், அதாவது 495 பேருக்கும் "இருக்கிறது" என்றே தவறாக வரும். மொத்தம் 590 பேருக்கு அந்த முடிவு வருகிறது, அதில் உண்மையான நோயாளிகள் 95 பேர். பதினாறு வீதம்!

இது டேட்டா மனேஜ்மென்டில் வரும் நிபந்தனை நிகழ்தகவு. டொக்ரராக வர நினைக்கும் பிள்ளைக்கு இது லேசான கணிதமா, நீங்களே சொல்லுங்கள். மக்மாஸ்டரின் பெயர்பெற்ற ஹெல்த் சயன்சஸ் படிப்பு, மூன்று 4யூ கணிதங்களில் எதையும் ஏற்றுவந்திருக்கிறது என்று சொன்னால் நம்மவர்கள் நம்பமாட்டார்கள். உளவியல், சமூகவியல், தாதியியல் என்று எங்கே போனாலும் புள்ளிவிபரவியல் பின்தொடர்ந்து வரும். அதோடு இந்தப் பாடத்தின் முடிவில் பிள்ளையே தரவு தேடி ஆராய்ந்து ஓர் ஆய்வு செய்யவேண்டும். ரொறன்ரோ மாநகரம் டி.டி.சி. பஸ்களின் தாமத விபரத்தைப் பொதுவில் போட்டு வைத்திருக்கிறது. லோரன்ஸ் கிழக்கு பஸ்ஸுக்குப் பனியில் நின்ற பிள்ளைக்கு அதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

ஆனாலும் டேட்டா மனேஜ்மென்டை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு எஞ்சினியரிங் என்று மனம் மாறினால் இரண்டு பாடம் பின்னால் நிற்கவேண்டிவரும். அதனால்தான் முதலில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் என்கிறேன்.

"அப்ப எதுக்கும் கல்குலஸையும் எடுத்து வைக்கட்டுமே?" என்று அந்த அம்மா கேட்பார். இதற்கு ஆமென்றும் இல்லையென்றும் ஒரே சொல்லில் பதில் கிடையாது. பொதுவாகப் பல்கலைக்கழகங்கள் 4யூ, 4எம் என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களில் சிறந்த ஆறின் சராசரியைப் பார்க்கும். அந்தத் துறைக்கு அவசியமான பாடங்கள் அந்த ஆறுக்குள் கட்டாயம் வரும். கல்குலஸில் 68 வாங்கிய பிள்ளை வரலாறு படிக்க விண்ணப்பித்தால், வேறு ஆறு நல்ல பாடங்கள் இருக்கும்வரை அந்த 68 கணக்கிலேயே வராது. அதே பிள்ளை கல்குலஸ் கேட்கும் கொமர்ஸுக்கு விண்ணப்பித்தால் அது சராசரியைக் கீழே இழுக்கும். புள்ளியைவிட நேரந்தான் எனக்குக் கவலை. விருப்பமில்லாமல் எடுத்த கல்குலஸ் இரவு பதினொரு மணிவரை பிள்ளையைப் பிடித்துவைத்து, ஆங்கிலத்தையும் வேதியியலையும் சேர்த்துத் தின்றுவிடும். மூன்று கணிதமும் எடுத்து மூன்றிலும் எழுபதில் நிற்கும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அவர்களை அங்கே தள்ளியது பெரும்பாலும் வீட்டின் பயந்தான்.

ஆகவே கல்குலஸை இரண்டாம் செமஸ்டரில் பதிந்து வையுங்கள். ஜனவரி முடியும்போது அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் புள்ளி கையில் இருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பமும் வழமையாக ஜனவரி நடுப்பகுதியில் போய்விடும், எங்கெல்லாம் விண்ணப்பித்தோம் என்பதும் தெரிந்திருக்கும். கல்குலஸை வைத்திருப்பதா, டேட்டா மனேஜ்மென்டுக்கு மாறுவதா, வேறு பாடம் எடுப்பதா என்று அப்போது தீர்மானிக்கலாம். தொடங்கிய பிறகும் வழியுண்டு. நடுப்பருவ அறிக்கை வந்து ஐந்து பள்ளி நாட்களுக்குள் பாடத்தை விட்டால் பெறுபேற்றுப் பத்திரத்தில் அது பதியாது. அதற்குப் பின் விட்டால், விட்ட நாளில் இருந்த புள்ளியோடு பதிவாகும். திகதியைப் பள்ளியில் கேட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

எல்லாம் பிசகினாலும் கோடைகாலப் பள்ளி, இரவுப் பள்ளி, டி.வி.ஓ. நடத்தும் தொலைக்கல்வி நிலையம் என்று பிறகும் இந்தப் பாடங்களை எடுக்க இடமுண்டு. சில போட்டிப் படிப்புகள் வழமையான பகல் பள்ளிக்கு வெளியே எடுத்த பாடத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்கும், அதையும் மனதில் வையுங்கள்.

இத்தனைக்கும் ஒரு இக்கட்டு உண்டு. நேர அட்டவணையைப் போடுவது பள்ளி. பிள்ளை கல்குலஸையும் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸையும் கேட்டால், சிறிய பள்ளிகளில் இரண்டும் ஒரே செமஸ்டரில் விழுந்துவிடலாம். விதி அதற்கு இடங்கொடுக்கும், ஆனால் முடிவெடுக்காத பிள்ளைக்கு அது கூடாது. பாடத் தெரிவு பூட்டுவதற்கு முன் கைடன்ஸ் கொன்சலரிடம் பிள்ளையையே போய்ப் பேசவிடுங்கள். "எனக்கு அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் முதல் செமஸ்டரில் வேண்டும், கல்குலஸ் இரண்டாவதில். அப்படி வராவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் யாரிடம் மாற்றக் கேட்கவேண்டும்?" பதிலாக வரும் பெயரையும் மின்னஞ்சலையும் பிள்ளை எழுதிக்கொண்டு வரட்டும்.