கன்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை வளவில் ஒரு காட்சித் தோட்டமும், கன்றுகள் விற்கும் நாற்றுமேடையும் அமைக்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. அபூர்வமான செடிகள் தருவதாக வெளிநாட்டுச் சகோதரிகளும் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஊரடங்கு இல்லாத மாலைகளில் வேலிக்கு மேலால் குரோட்டன் கம்பும் செவ்வரத்தங் கம்பும் மாற்றிக்கொண்ட பிள்ளைகள் அல்லவா நாங்கள்!

இந்த ஆசை பழையது. நமது நாட்டிலே குடும்பமாகக் கன்று விற்றுக் கடல் கடந்து பெயர் பெற்றவர்கள் ஹெனரத்கொட ஜே. பி. வில்லியம் சகோதரர்கள். கம்பஹாவிலுள்ள அவ்வூரில் 1876இல் தாவரவியல் தோட்டம் தொடங்கியது. இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து அவ்வாண்டு இலங்கைக்கு வந்த ஏறத்தாழ 1,900 றப்பர் கன்றுகள் வளர்ந்தது அங்கேதான். வில்லியம் சகோதரர்கள் விலைப்பட்டியல் அச்சிட்டு, றப்பர் முதலான விதைகளையும் கன்றுகளையும் பல நாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்த றப்பர் கன்றுகளை உயிரோடு கொண்டுவந்தவை கண்ணாடிப் பெட்டிகள். அவற்றைக் கண்டறிந்த நதானியல் வார்ட் இலண்டனில் நோயாளர் பார்த்த ஒரு வைத்தியர். பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மூடிய போத்தலில் வைத்திருந்தார். அதிலிருந்த ஈரமண்ணில் பன்னம் முளைத்தது. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால், தண்ணீர் ஊற்றாமலே செடி வாழ்ந்தது.

ஆனால் வந்ததெல்லாம் நன்மையாகவில்லை. ஊதாப் பூவின் அழகுக்காக 1905 அளவில் அமேசன் பகுதிச் செடியான ஆற்றுவாழை இங்கு வந்தது. 1909இல் அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வேண்டியதாயிற்று. கிட்டங்கிப் பாலத்தை அது அடைத்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அப்போது தோணி போகாது, வலை விழாது, வெள்ளம் வடியாது.

வாவியை விட்டு வீட்டுக்கு வருவோம். எங்கள் விறாந்தையிலும் ஓர் அபூர்வச் செடி இருந்தது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமீலியாட். இலைகளின் நடுவே கிண்ணம்போல் தண்ணீர் தேங்கும். ஒரு மாரிகாலத்தில் எங்கள் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் அதிக கவனம் வேண்டும் என்று எத்தனையோ பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறோம். அன்றிரவு கட்டிலருகே இருந்து அதை எங்களுக்கே சொல்லிக்கொண்டோம். பிள்ளை தப்பிவிட்டாள். பிறகு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தச் செடியின் நடுவிலே நுளம்புக் குடம்பிகளைக் காட்டினார். ஊருக்கு உபதேசம் செய்த வைத்தியரின் வீட்டிலே! வெட்கமாக இருந்தது. செடியை விற்றவர் சொல்லவில்லை. வாங்கிய நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒவ்வொரு கன்றோடும் ஒரு சீட்டுக் கொடுப்போம்: எந்த நாட்டுச் செடி, எவ்வளவு பரவும், பாலோ காயோ நஞ்சா, தண்ணீர் தேங்குமா என்று. சாடிக்குக் கீழுள்ள தட்டை வாரமொருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதும் அதிலே இருக்கட்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பொரிக்கும்.

இரண்டாவது, வெளிநாட்டுச் சகோதரிகளே, பயணப் பெட்டியில் கன்றை ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி பெற்றே கொண்டுவருவோம்.

மூன்றாவது, தோட்டத்தின் முதல் பாத்தியை நமது வாவிக்கரைக்கே கொடுப்போம். இரவிலே பூ விரியும் கிண்ணை, பூவரசு, தாழை ஆகியவற்றை நடுவோம். தில்லையை வேலிக்கு அப்பால் வைத்து, அதன் பால் கண்ணைக் கெடுக்கும் என்று எழுதுவோம். வாவியைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றைப் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்? இன்று அபூர்வமாகிவிட்டவை இவையும்தான்.

கன்றைக் கொடுக்கும் கை அதன் குணத்தையும் சொல்லிக் கொடுக்கட்டும். இப்பாடசாலை நமக்கு அப்படித்தான் கொடுத்தது.