வெளியேறிய வாயு எங்கே போகிறது?



தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு சுருங்கிவிடும் என்று அமைப்பாளர்கள் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மின்வாகனங்களின் வரலாறு, எதிர்காலம் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஒரு கேள்வியை மட்டும் அவை முன் வைக்கிறேன். பேட்டரிப் பெட்டிக்குள் உண்டாகும் வாயு வெளியேற வழி வைக்கிறோம். வெளியேறிய வாயு எங்கே போகிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்ற கணக்கு யாருடைய பொறுப்பு?

வென்ட் என்று நாம் சொல்லும் அந்தச் சிறிய உறுப்புக்கு இரண்டு வேலைகள். முதல் வேலை அன்றாட வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் ஒரு மின்காரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ச் சேரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல் குறைந்திருக்கும். பெட்டி முழுக்க அடைத்திருந்தால், ஒன்றரைச் சதுர மீட்டர் மூடியை உள்ளிருக்கும் காற்று மூன்று டன் விசையோடு மேலே தள்ளும். அதனால்தான் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்றைப் பொருத்துகிறோம். மழைநீரில் மூழ்கினாலும் உள்ளே ஈரம் போகக்கூடாது, மலை ஏறினாலும் மூடி உப்பக்கூடாது. இந்த வேலையை நம் தொழில் நன்றாகவே கற்றுவிட்டது.

இரண்டாவது வேலை, வாழ்நாளில் ஒருமுறை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஒரு செல்லுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சூடு ஏறத் தொடங்குகிறது. 130 டிகிரியை ஒட்டிப் பாலிஎதிலீன் பிரிசவ்வு உருகுகிறது. 200 டிகிரி வாக்கில் நிக்கல் மிகுந்த நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது. பிறகு வெளியிலிருந்து காற்றே தேவையில்லாமல் வினை தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. தெர்மல் ரன்அவே என்று நாம் பேசுவது இதைத்தான். அந்த வகைச் செல்லில் ஓர் ஆம்பியர்-மணிக்குச் சுமார் 1 முதல் 2 லிட்டர் வாயு வருகிறது. 100 ஆம்பியர்-மணிச் செல் ஒன்று சில பத்து விநாடிகளில் 200 லிட்டர் வரை கக்கிவிடும். அதுவும் அறை வெப்பநிலையில் அளந்த கணக்கு. 600 டிகிரியில் அது மூன்று மடங்காக விரிந்திருக்கும். பெட்டிக்குள் காலியாக இருக்கும் இடமோ சில பத்து லிட்டர்கள்தான். ஆகவே மலையேற்றத்துக்கு வைத்த சவ்வை நம்பி இந்த வேலையை விட முடியாது. தனி வெடிப்புத் தகடோ, அகன்று திறக்கும் வால்வோ வேண்டும்.

இதுவரை சொன்னது உங்களில் பலருக்குப் பாடம். இனிமேல்தான் கருத்து வேறுபாடு.

பிரஷர் குக்கரின் பாதுகாப்பு வால்வை உதாரணம் காட்டி இதை விளக்குவது நம் வகுப்பறை வழக்கம். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும், அவ்வளவுதான் என்போம். அந்த உதாரணம் பாதி தூரம் வரைதான் வரும். குக்கரிலிருந்து வருவது நீராவி, சமையலறையில் நிற்பவருக்குச் சூடு படாமல் இருந்தால் போதும். இங்கே வருவது ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், எத்திலீன், எலக்ட்ரோலைட்டின் கரைப்பான் ஆவி, லித்தியம் உப்பு ஈரத்தோடு வினைபுரிந்து பிறக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு. கூடவே தணல் போலக் கனலும் துகள்கள். அந்தத் துகளே வெளியே வந்த வாயுவுக்குத் தீக்குச்சி. கரித்துகள் மின் கடத்துவதால், உள்ளேயே செப்புப் பட்டைகளுக்கு இடையில் மின்வில் பாயவும் அதுவே காரணமாகிறது. துகளைத் தடுக்கக் கம்பிவலையும் வளைந்த பாதையும் வைத்தால் வழி அடைபடுகிறது. அடைபடாமல் இருக்க வாயை அகலமாக வைத்தால் தணலும் சேர்ந்து பாய்கிறது. நம் ஆய்வகங்கள் இந்த இழுபறியில் இரு கட்சியாகப் பிரிந்திருப்பது எனக்குத் தெரியும். இன்று பிற்பகல் அது சூடாகவே நடக்கட்டும்.

பாதையைப் பற்றிப் பேச எனக்குப் பிடித்த சான்று சாலையில் இல்லை, வானில் இருக்கிறது. 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 787 ஒன்றில் லித்தியம் பேட்டரி எரிந்தது. ஒன்பது நாள் கழித்து, ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனத்தின் 787 ஒன்று பறக்கும்போதே புகைந்து டகமட்சுவில் அவசரமாக இறங்கியது. உலகெங்கும் அந்த விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. ஒரு செல் வாயு கக்குவது ஒரு கோடி பறப்பு மணிக்கு ஒருமுறைகூட நேராது என்பது வடிவமைப்பாளர்களின் மதிப்பீடு. 52,000 மணி நேரம் நிறைவதற்குள் இரண்டு முறை நேர்ந்துவிட்டது.

அதன்பின் செய்த திருத்தம்தான் நமக்கு வேண்டியது. செல்களுக்கு இடையே காப்பு கூட்டினார்கள், மின்னேற்ற வரம்பைக் குறுக்கினார்கள். முக்கியமாக, எட்டு செல்களையும் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து விமானத்தின் உடலைத் துளைத்து வெளியே போகும் ஒரு குழாயைப் போட்டார்கள். செல் ஒருநாள் கெடும் என்று ஒப்புக்கொண்டு, கெட்டால் வாயு எந்த வழியாக எங்கே போகும் என்பதை முதலிலிருந்து கடைசி வரை வரைந்தார்கள். 2014 ஜனவரியில் நரிட்டாவில் நின்றிருந்த ஒரு 787இல் மீண்டும் ஒரு செல் கெட்டது. பராமரிப்புப் பணியாளர் விமானி அறையிலிருந்து பார்த்தபோது வெள்ளைப் புகை விமானத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒரு செல்லோடு விஷயம் முடிந்தது.

நம் கார்களில் அந்தக் குழாயின் மறுமுனை எங்கே? பெரும்பாலும் தரைத்தளத்துக்கு அடியில், பக்கவாட்டிலோ பின்புறத்திலோ. ஓடும் காருக்கு இது போதும். கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் நிற்கும் காருக்குப் போதுமா? 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோனில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி நிறுத்தத்தில் ஒரு மின்கார் புகைந்து எரிந்தது. அருகிலிருந்த கார்கள் நூற்றுக்கு மேல் பாழாயின. புகையை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் அந்தக் காரில் வந்தவர்கள் அல்லர், மாடிகளில் குடியிருந்தவர்கள்.

நம் சிக்கல் காரைவிட ஸ்கூட்டரில்தான் கூர்மையாக இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், இரவில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து இருவர் இறந்தார்கள். தீ அவர்களைத் தொடும் முன்பே புகை மூச்சை அடைத்துவிட்டது.

ஒரு சாதாரண அறையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் நீளம், அகலம், உயரம். 27 கன மீட்டர். நிக்கல் வகையில் 2 கிலோவாட்-மணிப் பேட்டரி ஒன்று முழுதும் கட்டுமீறினால் சுமார் ஒரு கன மீட்டர் வாயு. அதில் கால்பங்கு கார்பன் மோனாக்சைடு என்று வைத்தால், அறைக்காற்றில் பத்து லட்சத்தில் 9,000 பங்குக்கு மேல் வருகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்பு நூல்கள் குறிக்கும் அளவு 1,200. ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு அந்த வரம்பு 30 பங்குதான். 2017இல் லார்சன் குழுவினர் வெளியிட்ட எரிப்புச் சோதனைகளில் ஒரு வாட்-மணிக்கு 20 முதல் 200 மில்லிகிராம் வரை அது வெளிவந்தது. குறைந்தபட்சத்தை எடுத்து, அதிலும் பத்தில் ஒரு பங்குதான் அறையில் தங்கியது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், வரம்பைப்போல் ஆறு மடங்கு. அந்தப் பெட்டியின் வென்ட் சரியாகத் திறந்திருக்கும், பெட்டி வெடித்திருக்காது, சோதனைச் சான்றிதழும் பொய்யாகாது. அறையில் தூங்குபவர் பிழைக்க மாட்டார்.

வேலூருக்குப் பிறகு விதிகள் இறுகின என்பது உண்மை. மின் ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தும் ஏ.ஐ.எஸ். 156 விதியின் திருத்தம் 2022 டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச் இறுதியிலிருந்தும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அழுத்தம் தணிக்கும் வென்ட், கூடுதல் வெப்ப உணரிகள், ஒலி-ஒளி எச்சரிக்கை எல்லாம் கட்டாயமாயின. வரவேற்க வேண்டியவை. ஆனால் வென்ட் இருக்கிறதா என்று கேட்கும் விதிக்கும், அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்கும் விதிக்கும் தூரம் அதிகம். கழற்றி எடுத்துப்போகும் பேட்டரியில் இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. அதை ஒருவர் நிமிர்த்தி வைப்பார், இன்னொருவர் கட்டிலுக்கு அடியில் சாய்த்துத் தள்ளுவார். வென்ட்டின் வாய் தரையில் அழுந்திக் கிடக்கும். எந்த நிலையில் கிடந்தாலும் ஒரு வாயாவது திறந்திருக்கும்படி எத்தனை பேர் வடிவமைத்திருக்கிறோம்?

உலக விதிகளும் வாகனத்தில் இருப்பவரையே நினைத்து எழுதப்பட்டவை. 2018இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட விதி, பயணி இறங்க ஐந்து நிமிட முன்னெச்சரிக்கை கேட்டது. சீனா 2025இல் புதுப்பித்து, 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்த தேசியத் தரம், தீயும் வெடிப்பும் இருக்கவே கூடாது, புகை பயணிக்குத் தீங்கு செய்யக்கூடாது என்கிறது. பெரிய தாவல். எனினும் எரியாமல் வெளியேறும் வாயுவும் வாயுதான். தீயை அடக்குவதில் நாம் கெட்டிக்காரர்கள் ஆக ஆக, தீப்பிடிக்காத வாயு எங்கோ சேர்ந்துகொண்டிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் 2019 ஏப்ரல் 19 அன்று நடந்தது அதுதான். சர்ப்ரைஸ் என்ற ஊரில் மின்வாரியப் பேட்டரிக் கிடங்கு ஒன்றில் செல்கள் கெட்டன. தானியங்கி அணைப்பு வாயு பாய்ந்து சுடரை அடக்கியது. உள்ளே எரிவாயு தேங்கியபடியே இருந்தது. சில மணி நேரம் காத்திருந்த தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த சற்று நேரத்தில் கிடங்கு வெடித்து, பலர் படுகாயமடைந்தார்கள். கதவுக்கு அப்பால் என்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு கருவியும் இல்லை, தேங்கியதை வெளியே இழுக்க ஒரு வழியும் இல்லை.

இங்கே இரும்பு பாஸ்பேட் வகைச் செல்களை ஆதரிக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவை குறைவாகவே வாயு விடுகின்றன, தாமதமாகவே சூடேறுகின்றன. நானும் அவற்றின் பக்கம்தான். ஆனால் அவை விடும் வாயுவில் ஹைட்ரஜனின் பங்கு அதிகம், காற்றில் இன்னும் குறைந்த அளவிலேயே தீப்பற்றும். தானே பற்றிக்கொள்ளாததால் மேகமாக நின்று பொறிக்குக் காத்திருக்கவும் கூடும். பாதுகாப்பான வேதியியல் என்ற விளம்பர வாசகத்தை வென்ட் வடிவமைப்பாளர் நம்பக்கூடாது.

இக்கருத்தரங்கிடம் நான் எதிர்பார்ப்பது மூன்று அமர்வுகளின் சுருக்கத்தொகுப்பு அன்று. ஆலைகள் தங்கள் செல்களின் வாயு அளவையும் கலவையையும் வணிக இரகசியமாகப் பூட்டி வைத்திருக்கின்றன. செல்லின் ஆற்றல் அடர்த்தியைப் பெரிய எழுத்தில் அச்சிடும் தரவுத்தாளில், அது கெட்டால் விடும் லிட்டர் கணக்கையும் ஒரு வரியாக அச்சிடச் சொல்வோம். அந்த வரி இல்லாமல் கட்டடப் பொறியாளர் காற்றோட்டத்தைக் கணக்கிட முடியாது, தீயணைப்பு நிலைய அதிகாரி எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று முடிவெடுக்க முடியாது. இதைக் கேட்கும் தீர்மானத்தின் வரைவை மேசைமீது வைத்திருக்கிறேன். ஆலைப் பொறியாளர்கள் முதலில் படித்து, ஏற்க முடியாத இடங்களைக் கோடிட்டுத் தாருங்கள். மதிய உணவுக்கு முன் அதை விவாதிப்போம். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.