எண்ணூறு மீட்டர்த் தொலைவு

(ஓட்டப்பிடாரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓட்டப்பிடாரத்திலே பேச வருகின்ற எவரும் வ.உ.சிதம்பரனாரின் பெயரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. 1872இல் இவ்வூரிலே பிறந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கழகம் கண்டார். வெள்ளையன் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடித் துறையிலே தமிழன் கப்பலை மிதக்கவிட்டார். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லுகின்றேன். செய்யுளிலே அவர் யாத்த சுயசரிதையில், இளமையிலே தாம் ஆடிய விளையாட்டுக்களையும் மறவாமல் குறித்திருக்கிறார். கோவைச் சிறையிலே செக்கிழுத்த தோள்கள், இவ்வூர்ப் புழுதியிலே ஆடி உரம்பெற்ற தோள்கள்!

கேட்கின்றேன், தோழர்களே! அதே நாளில், அதே தெருவிலே பிறந்த பெண்குழந்தைகள் என்ன ஆடினார்கள்? பல்லாங்குழி ஆடினார்கள், தாயம் உருட்டினார்கள். நல்ல ஆட்டங்களே, குறை சொல்லவில்லை. ஆனால் அவை உட்கார்ந்து ஆடுபவை. கூரைக்குக் கீழே ஆடுபவை. தெருவிலே கோடு கிழித்துப் பாண்டி ஆடிய சிறுமியோ, பூப்பெய்திய அன்றோடு அந்தத் தெருவையே இழந்தாள். ஆணுக்குத் திடல், பெண்ணுக்குத் திண்ணை! சட்டப் புத்தகத்திலே இல்லாத இச்சட்டத்தைப் போல் ஒழுங்காக நிறைவேற்றப்பட்ட சட்டம் வேறொன்று உண்டா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. நாகரிகத்தின் தலைவாயில் நாங்களே என்று மார்தட்டிய ஐரோப்பாவின் கதையைக் கேளுங்கள். ஒலிம்பிக் பந்தயத்திலே பெண்கள் ஓடக்கூடாது என்றனர் அங்குள்ள பெரியவர்கள். ஆலிஸ் மில்லியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி அழவில்லை, கெஞ்சவுமில்லை. 1922இல் பாரிஸ் நகரிலே பெண்களுக்கென்றே உலகப் போட்டி ஒன்றை நடத்திக் காட்டினார். மூடிய கதவு அசைந்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலே, பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று எண்ணூறு மீட்டர் ஓட்டம்.

இறுதிப் பந்தயத்திலே ஓடியவர் ஒன்பது பேர். ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைத் தொட்டனர். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையே படைத்தார். ஆனால் ஏடுகள் என்ன எழுதின? பெண்கள் மயங்கி விழுந்தனர், பாதியிலே நின்றனர், இந்தத் தொலைவைப் பெண்ணுடல் தாங்காது என்று எழுதின. பந்தயத்திலே ஓடி இளைத்த ஆண் புல்லிலே சாய்ந்தால் அது வீரம். பெண் சாய்ந்தால் அது பலவீனம்! விளைவு? எண்ணூறு மீட்டர் ஓட்டம் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960இல், ரோம் நகரிலே. எண்ணூறு மீட்டரைக் கடக்க லீனாவுக்குத் தேவைப்பட்டவை இரண்டே கால் நிமிடத்திற்குச் சற்றே அதிகம். அந்த ஓட்டத்தை மீட்கப் பெண்குலத்திற்குத் தேவைப்பட்டவை முப்பத்திரண்டு ஆண்டுகள்!

அதே எண்ணூறு மீட்டரை நம் தமிழகத்துப் பெண் ஒருத்தி ஓடினார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலே, செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரிலே, தோகா ஆசிய விளையாட்டிலே வெள்ளிப் பதக்கம் வென்றார். நாடு மகிழ்ந்தது. பதக்கத்தின் ஒளி மங்குமுன்னே பாலினப் பரிசோதனை என்றனர். அதில் தேறவில்லை என்றனர், பதக்கத்தைப் பறித்தனர். ஓர் இளம்பெண்ணின் உடலைப் பற்றிய அந்தரங்கம், நாடறிய நாளேட்டிலே ஏறியது. ஊக்கமருந்து உண்டாரா? இல்லை. ஏமாற்றினாரா? இல்லை. இயற்கை தந்த உடலோடு ஓடினார். அதற்கே இந்தத் தண்டனை!

பந்தயத்திற்கு விதி வேண்டும் என்பர் சிலர். இருக்கட்டும். ஆனால் விதியின் பெயரால் ஒரு மனிதப்பிறவியை முச்சந்தியிலே நிறுத்தலாமா? தூதிச் சந்த் என்ற ஒடிசா ஓட்டக்காரி தொடுத்த வழக்கிலே, அன்றைய ஹார்மோன் விதியை 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் நிறுத்தி வைத்தது. சாந்தியின் பதக்கமோ திரும்பவில்லை. இடையிலே அவர் மீண்டும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போன நாளும் உண்டு.

அத்தகைய ஒருவர் திடலையே வெறுத்திருந்தால் குற்றம் சொல்ல முடியுமா? அவர் வெறுக்கவில்லை, தோழர்களே! தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு, புதுக்கோட்டையிலே ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். பயிற்சியாளருக்குரிய படிப்பைப் படித்துத் தேறினார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலே பயிற்சியாளராகவும் ஆனார். தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பிறர் குழந்தைகளுக்கு வாரி வழங்கிய நெஞ்சம் அது!

தோற்றவர் திறந்த கதவு வேறும் உண்டு. 1984இல், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலே, நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு நொடியிலே பதக்கம் இழந்தார் கேரளத்துப் பி.டி.உஷா. அதே பந்தயத்திலே தங்கம் வென்றவர் மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கில். வென்ற நவால், 1993இல் காசாபிளாங்கா வீதிகளிலே பெண்களுக்கென ஓட்டப்பந்தயம் தொடங்கினார். இழந்த உஷா, 2002இல் கொயிலாண்டியிலே பெண்பிள்ளைகளுக்குத் தடகளப் பள்ளி தொடங்கினார். அப்பள்ளியிலே வளர்ந்த டின்டு லூக்கா 2014 ஆசிய விளையாட்டிலே வெள்ளி வென்றார். எந்த ஓட்டத்திலே? அதே எண்ணூறு மீட்டரிலே!

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊர்தோறும் மன்றங்கள் வைத்திருக்கிறீர்கள்; தலைவர்களின் பிறந்தநாளுக்கும் கோயில் கொடைக்கும் கபடிப் போட்டி நடத்துகிறீர்கள்; கோப்பையும் கொடுக்கிறீர்கள். அவற்றுள் பெண்களுக்கு நடத்தியவை எத்தனை? நீங்களே கணக்கெடுங்கள். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டிலே கபடித் தங்கம் வென்ற பெண்கள் அணியின் துணைத்தலைவி, சென்னைக் கண்ணகி நகரிலிருந்து வந்த கார்த்திகா. கண்ணகி நகரிலே முளைத்தது கரிசல் காட்டிலே முளைக்காதா? கோவில்பட்டி மண் இளைஞர் கையிலே ஹாக்கி மட்டையைக் கொடுத்து இந்திய அணிவரை அனுப்பிய மண். உப்பளத்துக்குக் கூலிக்குப் போகும் தாயின் மகளும் அம்மண்ணின் மகள்தானே!

பெரிய மாளிகை கேட்கவில்லை. பள்ளித் திடலை மாலை இரண்டு மணி நேரம் பெண்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். உடை மாற்ற ஓர் அறை, கழிப்பிடம், விளக்கு, உடற்பயிற்சிக்குப் பெண் ஆசிரியை, வீடு திரும்பப் பேருந்து — இவற்றை ஊராட்சியிலே கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். அதற்கு முன்னே, பூப்பெய்திய மகளின் ஓட்டத்தை நிறுத்துகின்ற தந்தையிடம் பேசுங்கள். அந்தத் தந்தை நீங்களாக இருந்தால், இன்றிரவே முடிவெடுங்கள்.

தமிழன் கப்பல் ஓட்டுவதா என்று நகைத்த காலத்திலே கப்பல் விட்ட ஊர் இது. பெண் ஓடுவதா என்று கேட்பவருக்கும் இவ்வூரே விடை சொல்லட்டும். திடலைத் திறந்து விடுங்கள். ஓடுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!