எண்ணிச் செய்த கண்ணாடி



மேசைமீது கிடக்கும் தாள்கள் காற்றிற் பறந்துவிடாதபடி அவற்றின்மேல் ஏதேனும் ஒரு பாரத்தை வைக்கின்றோம். அதற்கு ஒரு கூழாங்கல் போதும். ஒரு பித்தளைக் கட்டி போதும். ஆயினும், இந்த எளிய வேலைக்கென்றே தெளிந்த கண்ணாடிக் குண்டொன்றைச் செய்து, அதனுள்ளே பூந்தோட்டத்தையும் பதித்து வைத்தான் மனிதன். பேப்பர் வெயிற் என்று நாம் வழங்கும் அப்பொருளை, "இத்தனைதான் செய்வோம்; இதற்குமேல் ஒன்றும் செய்யோம்" என எண்ணிக்கை வகுத்துச் செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. அவ்வழக்கம் எவ்வாறு வந்தது, அதனால் விளைந்த நன்மை யாது என்பன பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

1845ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடைபெற்ற கைத்தொழிற் கண்காட்சியில், வெனிஸ் நகரத்தவரான பியெத்ரோ பிகாலியா என்பார் இத்தகைய குண்டுகளைக் காட்சிக்கு வைத்தார். அக்காலத்திலேயே பிரான்சு நாட்டின் பக்கரா, சென் லூயி, கிளிஷி ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் இக்கலையை மேற்கொண்டன. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவை செய்தவற்றையே இன்றும் சேகரிப்போர் தலைசிறந்தனவாகப் போற்றுகின்றனர்.

செய்முறையைக் கேளுங்கள். பல நிறக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொதிந்து, அச்சிலிட்டு, குறுக்கே வெட்டினால் ஒரு பூ தோன்றும் வண்ணம் தடித்த கட்டியொன்றை ஆக்குவர். அது இளகியிருக்கும்போதே இருவர் அதன் இரு முனைகளையும் பற்றி எதிரெதிர்த் திசையில் நடப்பர். கட்டி நீண்டு நீண்டு மெல்லிய கோலாகிவிடும். உள்ளே இருக்கும் பூவோ வடிவு குன்றாமலே சிறுத்துவிடும். அக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் அதே பூ மலர்ந்திருக்கும். இத்துண்டுகளை அடுக்கிச் சூடேற்றி, அவற்றின்மேல் உருகிய கண்ணாடியைக் கவிப்பர். பின்னர் அதனைச் சூளையில் மெல்ல மெல்ல ஆறவிடல் வேண்டும். விரைந்து ஆறினால் வெடித்துவிடும். நிறத்துக்கு நிறம் கண்ணாடி விரிந்து சுருங்கும் அளவு ஒத்திராவிடினும் அதே கதிதான். பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் வீணாகும்.

இத்துணை அரிய கலை 1860ஆம் ஆண்டளவில் மங்கலாயிற்று. மக்களின் நாட்டம் வேறு பொருள்களின்பாற் சென்றது. வாங்குவோர் இல்லாதபோது செய்வோரும் குறைந்தனர். கைவினையின் நுட்பங்கள் பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படுவன அல்ல. ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்வன. இடையில் ஒரு தலைமுறை கற்காது விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க எவரும் இரார்.

இரண்டாம் உலகப் போரிலே பக்கரா ஊர்த் தேவாலயம் சேதமுற்றது. 1951ஆம் ஆண்டில் அதன் அடிக்கல்லினுள்ளிருந்து 1853 என்னும் ஆண்டு பொறித்த கண்ணாடிக் குண்டொன்று வெளிப்பட்டது. அவ்வூர்த் தொழிலாளரின் முன்னோர் செய்து வைத்த பொருள் அது. பேரர்கள் அதனைக் கையில் ஏந்தி வியந்திருப்பர். ஆனால், வியந்தமட்டில் அதுபோல் ஒன்றைச் செய்துவிட முடியுமா?

இந்நிலையிலேதான் சேகரிப்போர் துணைக்கு வந்தனர். பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வணிகம் புரிந்த போல் ஜோக்கல்சன் என்பார், 1953ஆம் ஆண்டிலே கண்ணாடிக் குண்டு சேகரிப்போர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினார். வெண்களிமண்ணாற் செய்த சிற்றுருவத்தைக் கண்ணாடியினுள் புதைக்கும் பழைய கலையை மீண்டும் தொடங்குமாறு பக்கரா, சென் லூயி தொழிற்சாலைகளை அவர் தூண்டினார். இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டி, அதே 1953இல் நினைவுக் குண்டுகள் வெளிவந்தன. அவ்வகையிற் பல தலைவர்களின் உருவங்கள் தொடர்ந்தன.

எண்ணிக்கை வகுத்துச் செய்வதன் பொருத்தம் இங்கேதான் விளங்குகின்றது. மறந்த கலையை மீட்க முயலும் தொழிற்சாலை பல முறை தோல்வியுறும். அந்த நட்டத்தை ஏற்பவர் யார்? இத்தனை பேர் வாங்குவர் என்னும் உறுதி முன்னரே இருந்தால், தொழிற்சாலை துணிந்து சூளையை மூட்டும். வாங்குவோருக்கும் ஓர் உறுதி வேண்டுமன்றோ? முந்நூறு என்று சொல்லிவிட்டு மூவாயிரம் செய்தால், முதலில் நம்பிப் பணம் கொடுத்தவன் ஏமாறுவான். ஆகவே, அந்த எண் இருசாராருக்கும் இடையே உள்ள ஒரு வாக்குறுதி ஆகும். அதைக் காத்த தொழிற்கூடங்களுக்கே நற்பெயர் நிலைத்தது.

ஆயினும், ஒன்றை மறத்தலாகாது. ஸ்கொத்லாந்தின் கிறீஃப் என்னும் ஊரிலே 1968இல் ஸ்டுவர்ட் டிரைஸ்டேல் தொடங்கிய பேத்ஷயர் தொழிற்கூடம், எண்ணிக்கை வகுத்த அழகிய குண்டுகளை ஆண்டுதோறும் செய்தது. தன் பெயரின் முதலெழுத்தை ஒரு சிறு துண்டிற் பொறித்து, பூக்களின் நடுவே மறைத்து வைப்பது அதன் வழக்கம். உலகெங்கும் அதன் படைப்புகளை விரும்பியோர் இருந்தனர். எனினும், 2002ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதன் குண்டுகள் பலருடைய அலுமாரிகளிலே இன்றும் ஒளிர்கின்றன. அவற்றைச் செய்த சூளையோ ஆறிவிட்டது.

பொருளைச் சேகரித்து வைத்தல் எளிது. அதனைச் செய்யும் கையை அவ்வாறு அலுமாரியிற் பூட்டி வைக்க இயலாது. அக்கை நாள்தோறும் வேலை செய்தாலன்றி வாழாது. ஆதலின், நேயர்களே, கைவினைஞர் ஒருவரின் பொருளைக் கண்டு "அழகு" என்று மெச்சும்போது, அதனோடு நின்றுவிடாமல் அடுத்ததொன்றைச் செய்து தருமாறு கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியே அவருடைய அடுப்பில் நாம் இடும் விறகாகும்.