அன்றாட நற்பழக்கமும் கைபேசிச் செயலியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

  

நீரையும் உணவையும் வீணாக்காமல், நெகிழியைக் குறைத்து வாழும் பழக்கத்தை நம் மஹல்லாவில் வளர்ப்பதற்குக் கைபேசிச் செயலி ஒன்றை வடிவமைக்கலாம் என்று நம் இளைஞர்கள் யோசனை கூறியுள்ளனர். அது எவ்வாறு அமைய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது பற்றி எங்கள் கருத்தைச் சொல்லுமாறு நிர்வாகக் குழு பணித்தது. நாங்கள் ஆராய்ந்தவற்றைச் சுருக்கமாக உங்கள் முன் வைக்கிறோம்.

ராயகிரி மலையடிவாரத்து ஊர். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் அருவிகள் ஆர்ப்பரிக்கும்போது, மலையை ஒட்டி வாழும் நமக்கும் நீர்க்கவலை இல்லை என்று வெளியூரார் எண்ணுவதுண்டு. ஆனால் நம் பக்கத்துக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியிருக்கின்றன. அந்த மழை பொய்த்த ஆண்டின் சித்திரை எப்படி இருக்கும் என்பதை நம் விவசாயப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இந்நிலையில் நாம் முதலில் நோக்க வேண்டிய இடம் நம் பள்ளிவாசலின் ஒளுச் செய்யும் இடமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள செய்தி. அந்த அளவைக் கணிப்பதில் மத்ஹபுகளுக்கிடையே சிறிது வேறுபாடு உண்டு. ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்று கொள்வோம். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் தரும் குழாயை ஒருவர் 2 நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர் செலவாகும். ஐவேளைக்கு 60 லிட்டர்! நபிவழியின் அளவோ ஐவேளைக்கும் சேர்த்து 4 லிட்டருக்கும் குறைவு.

நம் முன்னோர் ஹவுளைச் சுற்றி அமர்ந்து, கையால் அள்ளி ஒளுச் செய்தனர். அள்ளுகின்ற நீர் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிந்தது. குழாய் வந்தபின் அந்த அளவு கண்ணுக்கு மறைந்துவிட்டது. மனிதர்கள் திடீரென்று ஊதாரிகளாகிவிடவில்லை. அமைப்பு மாறியது, பழக்கமும் மாறியது. ஆகவே செயலி என்பது உபதேசம் செய்யும் கருவியாக இராமல், மறைந்துபோன அளவை மீண்டும் கண்முன் கொண்டுவரும் கருவியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் முதற்கருத்து.

இத்தகைய முயற்சி புதியதன்று. 2022 அக்டோபரில் குஜராத்தில் 'மிஷன் லைஃப்' என்னும் இயக்கத்தை இந்தியப் பிரதமர், ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் முன்னிலையில் தொடங்கி வைத்தார். அதன் தொடர்ச்சியாக 2023 மே மாதம் 'மேரி லைஃப்' என்ற செயலியை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. மின்சாரம், தண்ணீர், நெகிழி, உணவு, உடல்நலம் ஆகிய ஐந்து தலைப்புகளில் ஐந்து செயல்களை, ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளுக்குள் செய்து முடிக்கும்படி அது மக்களுக்கு அறைகூவல் விடுத்தது.

சீனாவில் அலிபே நிறுவனம் 2016-இல் தொடங்கிய 'ஆன்ட் ஃபாரஸ்ட்' இன்னும் பெரியது. நடந்து செல்வோரும் பேருந்தில் செல்வோரும் புள்ளிகளைச் சேர்த்துத் திரையில் ஒரு மரத்தை வளர்க்கலாம். அது முழுமையடைந்ததும் வறண்ட நிலத்தில் உண்மையான மரம் ஒன்று நடப்படும். 2019-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் இதற்கு விருது வழங்கியபோது, சுமார் 50 கோடிப் பேர் இதில் பங்கேற்று, 12 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டிருந்தன.

பழக்கம் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். 96 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், ஒரு செயல் இயல்பான பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாக இருந்தது; சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்பதும் தெரியவந்தது.

இந்த முடிவு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. பல செயலிகள் ஒருநாள் தவறினால் அதுவரை சேர்த்த கணக்கை அழித்துப் பூஜ்யத்தில் நிறுத்துகின்றன. தவறியவர் மனம் சலித்து விட்டுவிடுகிறார். நம் செயலி அப்படி இருத்தல் கூடாது. தவறு செய்தவனுக்குத் தவ்பாவின் வாசலைத் திறந்து வைத்திருக்கும் மார்க்கம் நம்முடையது. அடுத்து, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்விடம் மிகவும் விருப்பத்திற்குரியது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே நூறு அறிவுரைகளைத் திரையில் அடுக்க வேண்டியதில்லை. நான்கு செயல்கள் போதும்.

அவை இவை. ஒளுவின்போது தலைக்கு மஸஹு செய்யும் நேரத்திலேனும் குழாயை மூடுவது. ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்க வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவருவது. நிக்காஹ் விருந்திலும் கந்தூரியிலும் உண்ணும் அளவே இலையில் வாங்குவது. கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல்வது. தமிழக அரசு 14 வகை நெகிழிப் பொருட்களுக்கு விதித்த தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. இருந்தும் கொதிக்கும் கஞ்சியை மெல்லிய நெகிழிப் பையில் கட்டிக்கொண்டு போகும் காட்சி பல ஊர்களில் இன்னும் மறையவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் இது நமக்கு அழகாகுமா?

ஒரு செயல் நிகழ வேண்டுமானால் ஆர்வம், எளிமை, நினைவூட்டல் ஆகிய மூன்றும் ஒருங்கே கூட வேண்டும் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் பி.ஜே.ஃபாக் கூறுகிறார். நினைவூட்டலுக்காகச் செயலிகள் நாள் முழுதும் கைபேசியை ஒலிக்கச் செய்கின்றன. நமக்கு அந்தத் தொல்லை வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஐந்து முறை பாங்கு ஒலிக்கிறது. அதைவிடச் சிறந்த நினைவூட்டல் ஏது?

இனி, கருத்து வேறுபாடு எழுந்த இடத்திற்கு வருகிறோம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் புள்ளிகள் வழங்கி, மாதந்தோறும் முதல் மூன்று குடும்பங்களின் பெயர்களை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கலாம் என்று இளைஞர்கள் விரும்பினர். அவர்களின் ஆர்வத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆன்ட் ஃபாரஸ்ட் பரவியதற்கு நண்பர்களிடையே நிலவிய போட்டியும் ஒரு காரணமே. ஆயினும் எங்களுக்குத் தயக்கம் இருந்தது.

அமெரிக்காவின் சான் மார்கோஸ் நகரில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுகூரத்தக்கது. அக்கம்பக்கத்தாரின் சராசரி மின்செலவை ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரிவித்தபோது, அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தனர். ஆனால் ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்கள், 'நாம்தான் குறைவாகச் செலவழிக்கிறோமே' என்று எண்ணியோ என்னவோ, செலவைக் கூட்டிவிட்டனர்! சிக்கனத்தைப் பாராட்டும் ஒரு சிரித்த முகத்தின் படத்தைச் சேர்த்தபின்னரே அந்த விபரீதம் நீங்கியது. ஒப்பீடு என்பது இருபுறமும் கூர்மையுள்ள கத்தி.

இதனினும் முக்கியமானது நிய்யத். புள்ளிக்காகக் குழாயை மூடுகிறவர், புள்ளி நின்றதும் திறந்து விடுவார். பெயர் வாசிக்கப்படும் என்பதற்காகச் செய்யும் நன்மையில் முகஸ்துதி நுழைந்துவிடும். தர்மத்தை வெளிப்படையாகவும் செய்யலாம், மறைவாகவும் செய்யலாம், மறைவானது மேலும் சிறந்தது என்று திருமறை நமக்குக் கற்பிக்கிறது. நெடிய உரையாடலுக்குப் பின் இளைஞர்களும் நாங்களும் ஒரு முடிவுக்கு வந்தோம்: தனிமனிதரின் கணக்கு அவருடைய கைபேசியிலேயே தங்கும், வேறு எவரும் காண இயலாது. மஹல்லா முழுவதன் கூட்டுக்கணக்கு மட்டும் அனைவருக்கும் தெரியும். நாளின் முடிவில் தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்ளும் 'முஹாஸபா' நம் முன்னோர் போற்றிய பழக்கமே அல்லவா?

இம்முடிவால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. பெயர், இருப்பிடம், தொடர்பு எண்கள் எதையும் செயலி கேட்க வேண்டியதில்லை. 2023-இல் நம் நாட்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறர் வீட்டுச் செய்தியைத் தேவையின்றிச் சேர்த்து வைப்பது அமானிதத்திற்கு அழகன்று. பழைய கைபேசியிலும், இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்கும் வகையில் அது சிறியதாக இருக்க வேண்டும். சிக்கனம் கற்பிக்கும் செயலிக்காக ஒருவர் புதிய கைபேசி வாங்க நேர்ந்தால் அது நகைப்பிற்கு இடமாகும்.

கைபேசி இல்லாத பெரியவர்களையும், வீட்டுக்கு ஒரே கைபேசி உள்ள குடும்பத்துப் பெண்களையும் மறந்துவிடலாகாது. வீட்டில் நீரையும் உணவையும் ஆளுகிறவர்கள் தாய்மார்களே. அவர்கள் இல்லாத கணக்கு பாதிக் கணக்கு. எனவே முதல் மூன்று மாதங்களுக்குச் செயலியே வேண்டாம். நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு தாள் போதும் என்கிறோம். மதரஸா பிள்ளைகள் வீட்டில் அதை நிரப்பட்டும். எந்தக் கட்டம் புரியவில்லை, எது சலிப்பூட்டுகிறது என்பதைத் தாய்மார்களிடம் கேட்டறிந்து, அதன்பின் செயலியை அமைப்போம். தாளில் நிற்காத பழக்கம் திரையிலும் நிற்காது.

இறுதியாக நிர்வாகக் குழுவிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒளுச் செய்யும் இடத்திற்குச் செல்லும் குழாயில் நீர் அளவி ஒன்றைப் பொருத்த வேண்டும். எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்பது நமக்குக் கணக்கன்று; அளவியின் முள் காட்டுவதே கணக்கு. அடுத்து, பழுதாகும் குழாய்களை மாற்றும்போது, அழுத்தினால் நீர் தந்து தானே மூடிக்கொள்ளும் குழாய்களைப் பொருத்த வேண்டும். ஓராண்டு கழித்தும் அளவியில் மாற்றம் இல்லையெனில், செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நிறுத்திவிட்டு, தவறு எங்கே என்று மீண்டும் ஆராய்வோம். அதற்கு இளைஞர்களும் இசைந்துள்ளனர்.

வீண்விரயம் செய்யாத சமுதாயமாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. நம் குளங்களை நிரப்பி, நம் சந்ததியினருக்கும் இந்நிலத்தின் நீரை நிலைக்கச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.