வரி கொடுப்போரும் வரவு செலவுக் கணக்கும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



வரி என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளியாத குடியானவர் எந்தத் தேசத்திலும் இல்லை. பாலமும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வேண்டாம் என்று சொல்லும் குடியானவரும் எந்தத் தேசத்திலும் இல்லை. இவ்விரண்டு எண்ணங்களும் ஒரே மனத்தில் குடியிருப்பதனால் எழும் வழக்கு சிறிய கிராமப் பஞ்சாயத்திலும் உண்டு. செல்வம் மிகுந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் உண்டு. அந்நாட்டில் 2009-ம் வருஷத்தில் எழுந்த வரி எதிர்ப்புக் கிளர்ச்சியின் வரலாறு, பொதுப் பணத்தைக் கையாளும் ஒவ்வொரு சங்கத்தாரும் அறியத்தக்கது.

அக்கிளர்ச்சியைச் செய்தோர் தங்களைத் "தேயிலைக் கக்ஷியார்" என்று அழைத்துக்கொண்டனர். இப்பெயர் பழைய சம்பவம் ஒன்றினின்றும் எடுக்கப்பட்டது. சென்னையில் கோட்டை கட்டி இத்தேசத்தில் அரசாண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில், விற்காத தேயிலை ஏராளமாகத் தேங்கிக் கிடந்தது. 1773-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, அச்சரக்கை அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கு நேரே அனுப்பி விற்கக் கம்பெனிக்கு இடங்கொடுத்தது. தேயிலையின் விலை இதனால் குறையக்கூடியதாயினும், ராத்தலுக்கு 3 பென்ஸ் தீர்வை நீங்கவில்லை. தங்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத பார்லிமெண்டு விதித்த தீர்வையைச் செலுத்துவதற்கு இணங்காதவர்கள், பாஸ்டன் துறைமுகத்தில் அவ்வருஷம் டிசம்பர் 16-ந் தேதி இரவு 342 பெட்டித் தேயிலையை நீரில் கொட்டினர்.

2009-ம் வருஷத்துக் கிளர்ச்சிக்குக் காரணம் வேறு. 2008-ல் அமெரிக்கப் பாங்கிகள் பல, திருப்பிச் செலுத்தச் சக்தியற்றவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுத்ததன் பயனாக நிலைகுலைந்தன. ரிபப்ளிகன் கக்ஷியைச் சேர்ந்த பிரஸிடெண்டு புஷ் அவர்கள், அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில், நிலைகுலைந்த ஸ்தாபனங்களைத் தாங்குவதற்காக 70,000 கோடி டாலர் வரையில் செலவிட அதிகாரம் தரும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவருக்குப்பின் வந்த டெமாக்ரடிக் கக்ஷியினரான பிரஸிடெண்டு ஒபாமா அவர்கள், 2009 பிப்ரவரி 17-ந் தேதி, வேலையின்மையைப் போக்கும் பொருட்டு 78,700 கோடி டாலர் மதிப்புள்ள மற்றொரு சட்டத்தில் கையொப்பமிட்டார். இரண்டாவது சட்டத்திற்குப் பிரதிநிதிகள் சபையில் ரிபப்ளிகன் அங்கத்தினர் ஒருவரும் வோட்டுக் கொடுக்கவில்லை.

வாங்கிய கடனைத் தவணை தவறாமல் செலுத்தி வந்தவர்களுக்குக் கோபம் மூண்டது. சக்திக்கு மிஞ்சிக் கடன் வாங்கியவரையும், யோசனையின்றிக் கொடுத்த பாங்கியையும் காப்பாற்றத் தங்கள் வரிப்பணமா கிடைத்தது என்று அவர்கள் கேட்டனர். வருமான வரிக் கணக்கைச் சமர்ப்பிக்கக் கடைசி நாளாகிய ஏப்ரல் 15-ந் தேதியன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் கூட்டங்கள் கூடின.

இரு கக்ஷியாரின் வாதங்களிலும் நியாயம் இருந்தது. இன்றைய கடன் நாளைய வரி என்றும், பிள்ளைகளின் தலையில் சுமையை ஏற்றுவது தகாது என்றும் கிளர்ச்சிக்காரர் கூறினர். வியாபாரம் படுத்து ஜனங்கள் வேலையிழந்து நிற்கும் காலத்தில் சர்க்காரும் கையை மூடிக்கொண்டால் நஷ்டம் இன்னும் பெருகும் என்று மறுபக்கத்தார் கூறினர். இவ்வாறு வாதம் வளர வளர, கணக்கைப் பார்ப்போர் தொகை மட்டும் குறைந்துகொண்டே போயிற்று.

இதற்கு உதாரணம் ஒன்று கூறலாம். ஒபாமா அவர்களின் சட்டத்திலேயே, உழைத்துச் சம்பாதிப்போருக்குத் தலைக்கு 400 டாலர் வரையில் வரிக் குறைப்பு அடங்கியிருந்தது. அத்தொகை ஒரே முறையாகக் கையில் கொடுக்கப்படாமல், சம்பளத்தில் பிடிக்கும் வரியைச் சிறிது சிறிதாகக் குறைப்பதன் மூலம் போய்ச் சேர்ந்தது. 2010 பிப்ரவரியில் பத்திரிகை ஒன்றும் டெலிவிஷன் ஸ்தாபனம் ஒன்றும் சேர்ந்து ஜனங்களின் அபிப்பிராயத்தை விசாரித்தபோது, வரி குறைந்திருக்கிறது என்று சொன்னவர் 100-க்கு 12 பேர்தாம். வரியை எதிர்த்துக் கோஷமிட்டவரிலும் பலர் வரிக் குறைப்பைப் பெற்றவராயிருந்தும் அதனை அறியவில்லை. அறிவிக்க வேண்டியவர்களும் அவர்கள் மனத்தில் படும்படி அறிவிக்கவில்லை.

செலவைப் பற்றியும் இதே மயக்கம் இருந்தது. 65 வயது நிரம்பியோருக்கு அந்நாட்டுச் சர்க்கார் நடத்தும் வைத்திய உதவித் திட்டத்திற்கு "மெடிகேர்" என்று பெயர். 2009-ல் தென் கரோலினாவில் நடந்த ஒரு கூட்டத்தில், தம்முடைய மெடிகேரில் சர்க்கார் கை வைக்கலாகாது என்று ஒருவர் எழுந்து வாதாடினார். அதனை நடத்துவதே சர்க்கார்தான் என்று பிரதிநிதி எடுத்துச் சொல்லியும் அவர் ஒப்பவில்லை. தன் வீட்டுக்கு வரும் செலவு உரிமையாகவும், அயல் வீட்டுக்குப் போகும் செலவு வீணாகவும் தோன்றுவது மனித சுபாவம்.

கக்ஷி அபிமானம் இந்த மயக்கத்தை இரட்டிப்பாக்கியது. சர்க்கார் வாங்கும் கடனுக்கு அந்நாட்டில் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. 2006-ல் புஷ் அவர்களின் ஆட்சியில் அதனை உயர்த்தும் மசோதா வந்தபோது, அக்காலத்தில் செனட் சபை அங்கத்தினராயிருந்த ஒபாமா அவர்கள் எதிர்த்து வோட்டளித்தார். 2011-ல் தாமே பிரஸிடெண்டாக இருந்தபோது அதனை உயர்த்தும்படி வேண்டினார். முன் அளித்த வோட்டுத் தவறு என்றும் ஒப்புக்கொண்டார். ரிபப்ளிகன் கக்ஷியாரின் போக்கும் இதற்கு மேற்பட்டதன்று. புஷ் அவர்கள் காலத்தில் வரியைக் குறைத்து, இரண்டு யுத்தங்களைக் கடன் வாங்கி நடத்தியபோது அவர்கள் தெருவில் கூடவில்லை. 2017-ல் தங்கள் கக்ஷியினரான பிரஸிடெண்டு டிரம்ப் அவர்கள் மறுபடியும் வரியைக் குறைத்தார். 2019-ம் வருஷக் கணக்கில் வரவுக்கு மேற்பட்ட செலவு 98,400 கோடி டாலராயிற்று. அப்பொழுதும் 2009-ல் திரண்டது போன்ற கூட்டம் திரளவில்லை.

இத்தகைய பிணக்கினால் வந்த நஷ்டத்தையும் கவனிக்க வேண்டும். 2010-ம் வருஷத் தேர்தலில் ரிபப்ளிகன் கக்ஷிக்குப் பிரதிநிதிகள் சபையில் 63 ஸ்தானங்கள் அதிகமாகக் கிடைத்தன. செலவைக் குறைத்தாலன்றி உச்சவரம்பை உயர்த்தவிடுவதில்லை என்று அவர்கள் 2011-ல் பிடிவாதம் செய்தனர். கடைசி நாளாகிய ஆகஸ்டு 2-ந் தேதி உடன்பாடு சட்டமாயிற்று. எனினும் மூன்று நாட்களுக்குள், கடனாளிகளின் நாணயத்தை மதிப்பிடும் பெரிய ஸ்தாபனம் ஒன்று அந்நாட்டின் மதிப்பை முதன்முறையாக ஒரு படி தாழ்த்தியது. அத்தாமதத்தினால் அவ்வருஷத்தில் மட்டும் கடன் வாங்கும் செலவு சுமார் 130 கோடி டாலர் ஏறிவிட்டது என்று அந்நாட்டுச் சர்க்காரின் தணிக்கை ஸ்தாபனமே கணக்கிட்டது. சிக்கனத்தின் பெயரால் தொடங்கிய சண்டையே செலவாக முடிந்தது. ஆயினும் அவ்வுடன்பாட்டினால் செலவுக்கு ஒரு கட்டுப்பாடு ஏற்பட்டதையும் மறைத்தல் நியாயமாகாது. 2009-ல் ஏறக்குறைய 1,40,000 கோடி டாலராயிருந்த பற்றாக்குறை, வியாபாரம் தலையெடுத்ததாலும் இக்கட்டுப்பாட்டாலும் 2015-ல் சுமார் 44,000 கோடியாகத் தணிந்தது. பாங்கிகளுக்குக் கொடுத்த பணமும் பிற்பாடு லாபத்துடன் திரும்பி வந்தது.

நாணயம் கெட்டால் வட்டி ஏறும் என்பதை ஐக்கிய நாணய சங்கத்தாருக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்திலும் பஞ்சாயத்திலும் கக்ஷிகள் இருத்தல் இயல்பே. எதிர்த்துக் கேட்போர் இல்லாத இடத்தில் பணம் கரையும். ஆனால் கேட்கும் கேள்வி, பெட்டிச் சாவி எவர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறலாகாது. வேண்டாதவர் பிரஸிடெண்டாக இருக்கும்போது பைசா பைசாவாகக் கணக்குக் கேட்டவர், வேண்டியவர் வந்தபின் அதே கணக்கை அதே கண்ணோடு பார்ப்பாரானால், அவரே சங்கத்தின் உண்மையான காவலர்.

பஞ்சாயத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. வசூலான தொகை இவ்வளவு, அது சென்ற வழி இன்னது, கொடுத்த சலுகை இன்னது, நிற்கும் கடன் இவ்வளவு என்று எல்லோருக்கும் விளங்கும் தமிழில் எழுதி, சாவடிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுத்தறியாதாருக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். பாஸ்டன் நகரத்தாருக்குப் பார்லிமெண்டில் வாய் இல்லை. ஆகவே தேயிலையைக் கொட்டினர். மகாசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க உரிமையுள்ள அங்கத்தினருக்கு அந்த வழி வேண்டியதில்லை. அவர் கூட்டத்திற்குத் தவறாமல் வந்து, தணிக்கை அறிக்கையை முழுவதும் வாசிக்கக் கேட்டு, அதன்பின் கை தூக்கினால் போதும்.